பெண்ணுக்குக் கடவுள் வகுத்த இடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கிறிஸ்தவப் பெண்மை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இத்தலைப்பில் பேசுவோர் அன்பு, அடக்கம், பொறுமை ஆகிய அணிகலன்களை வரிசையாக எடுத்துக்காட்டி, தாய்மையைப் போற்றி அமர்வது வழக்கம். அதுவும் கேட்பதற்கு இனியதே. ஆயினும் இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம் இல்லங்களில் இன்று எழும் வினா வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா, வரன் பார்ப்பதா என்று பெற்றோர் தடுமாறி நிற்கின்றனர். அவ்வேளையில் உறவினர் ஒருவர், “பெண்ணுக்குக் கடவுள் கொடுத்த இடம் வீடு, வேதமே அப்படித்தான் சொல்கிறது” என்கிறார். அதன்பின் எவரும் வாய் திறப்பதில்லை. மகளும் திறப்பதில்லை. கடவுளின் பெயரைச் சொல்லி முடித்து வைக்கப்படும் அந்தப் பேச்சை மீண்டும் தொடங்கிவைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பிறப்பைக் காட்டி, ‘இன்னார்க்கு இன்ன இடம், இன்னார்க்கு இன்ன தொழில், இது இறைவன் ஏற்பாடு’ என்று கூறும் வாதம் நமக்குப் புதிதன்று. அதனால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நம் முன்னோர். பொதுக் கிணற்றில் நீர் மொள்ளலாகாது, கோயில் தெருவில் நடக்கலாகாது, எழுத்தறிவு பெறலாகாது என்பனவெல்லாம் மனிதர் விதித்த தடைகளாகவா சொல்லப்பட்டன? தெய்வக் கட்டளை என்றன்றோ சொல்லப்பட்டன! 1927ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தபோது எரிந்தது அவ்வாதமே. (அது கிறிஸ்து பிறப்பு நாள் என்பதை நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நினைவிற்கொள்ளத் தகும்.) அந்நூல் நம்மை இழித்த அதே மூச்சில் பெண்ணுக்கும் தன்னுரிமை இல்லை என்றது. சாதியைப்பற்றிப் பேசும்போது பிறப்பினால் வரும் இடத்தை மறுத்துவிட்டு, வீட்டு வாயிலில் காலணியைக் கழற்றிய மறுகணமே மகளிடம் பிறப்பினால் வரும் இடத்தை எடுத்துரைப்பது எவ்வாறு பொருந்தும்? மற்றவர் அதைச் செய்யலாம். நமக்கு அது அடுக்காது.

இனி வேதத்திற்கு வருவோம்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆணையும் பெண்ணையும் ஒருசேரக் கடவுளின் சாயலாகப் படைத்ததாகக் கூறுகிறது. பூமியை ஆளும் பொறுப்பும் அங்கு இருவருக்கும் ஒன்றாகவே அளிக்கப்படுகிறது. இரண்டாம் அதிகாரத்தில் பெண் மனிதனுக்கு ஏற்ற துணையாக வருகிறாள். இந்தத் ‘துணை’ என்னும் சொல்லின்மீதுதான் நம்மிடையே பலரும் தம் வாதத்தைக் கட்டுகின்றனர். துணை என்றால் எடுபிடி. முன்னவன் நடக்கப் பின்னவள் சுமந்து செல்ல வேண்டியவள் என்பது அவர்தம் பொருள். எபிரெய மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘ஏசெர்’ என்பது. பழைய ஏற்பாட்டில் அச்சொல் மிகுதியும் எவரைக் குறிக்கிறது தெரியுமா? கடவுளை! மோசே தன் மகனுக்கு எலியேசர் என்று பெயரிட்டது ‘என் கடவுள் எனக்குத் துணை’ என்னும் பொருளில்தான். நம் தமிழ் வேதாகமத்தின் 33ஆம் சங்கீதத்திலும் ஆண்டவரைக் குறிக்கத் ‘துணை’ என்ற இதே சொல் ஆளப்பட்டிருக்கிறது. கடவுளை எடுபிடி என்று எவரும் பொருள்கொள்வதில்லை. வலிமை போதாதவனுக்கு வலிமையுடையவர் அளிப்பதே துணை. பெண்ணைக் குறிக்கும்போது மட்டும் அச்சொல் மெலிந்து போவானேன்?

ஆண் பெண்ணை ஆளுவான் என்ற சொல் வருவது மூன்றாம் அதிகாரத்தில், மனிதன் வீழ்ச்சியுற்ற பின்னர். அதனோடு சேர்த்தே நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்பதும், பிள்ளைப்பேறு வேதனையாகும் என்பதும் சொல்லப்படுகின்றன. அவை படைப்பின் நோக்கங்களல்ல, வீழ்ச்சியின் விளைவுகள். முள் முளைப்பது கடவுள் சித்தம் என்று களையெடுக்காமல் இருந்த உழவர் உண்டோ? 1847ஆம் ஆண்டில் எடின்பரோவில் சிம்சன் என்னும் மருத்துவர் பிள்ளைப்பேற்றின் நோவைத் தணிக்கக் குளோரோபாம் கொடுக்கத் தொடங்கினார். வேதனை கடவுள் விதித்ததன்றோ என்று சமயத்தின் பெயரால் எழக்கூடிய மறுப்புகளுக்கு விடையாக அவ்வாண்டிலேயே அவர் ஒரு சிறுநூலும் எழுதினார். இன்று அவ்வாறு மறுப்போர் எவருமில்லை. வேதனையைத் தணிக்கலாம், முள்ளைப் பிடுங்கலாம், ஆளுகையை மட்டும் அசைக்கலாகாது என்பது எந்த நியாயம்?

அந்த ஸ்காட்லாந்து நாட்டிலிருந்தே 1888ஆம் ஆண்டில் மெட்டில்டா மெக்பெயில் என்னும் பெண் மருத்துவர் சென்னைக்கு வந்தார். இராயபுரத்தில் நாம் ‘ரெய்னி ஆஸ்பத்திரி’ என்று அழைக்கும் மருத்துவமனை அவர் பணியிலிருந்து வளர்ந்ததே. நம்மில் எத்தனை குடும்பங்களின் பிள்ளைகள் அங்குப் பிறந்தனர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண் மருத்துவர் முன் செல்லத் தயங்கிய பெண்கள் பிள்ளைப்பேற்றில் மாண்ட காலம் அது. அப்பெண்களுக்குப் பெண்ணே மருத்துவராக வந்து நின்றார்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. அக்காலத்து மிஷனரிப் பள்ளிகள் நம் பெண்மக்களுக்கு எழுத்தோடு தையலையும் இல்லறப் பண்பையும் கற்பித்தன. நல்ல மனைவி, நல்ல தாய், தூய்மையான வீடு என்பவை அங்குப் போதிக்கப்பட்ட பெண்மையின் இலக்கணம். அது வேதத்திலிருந்து வந்ததைக் காட்டிலும் விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்திலிருந்து வந்தது மிகுதி. ஆனால் அதைப் போதித்த பெண்களுட் பலர் மணம் புரியாதவர்கள். தாய் தந்தையரை விட்டுக் கடல் கடந்தவர்கள். மருத்துவமனையையும் பள்ளியையும் தம் கையால் நடத்தியவர்கள். அவர்கள் சொல்லியது வீடு. செய்து காட்டியது உலகம். அவர்களிடம் கற்ற நம் பெண்களோ இரண்டையும் கண்டனர். ‘பைபிள் உமன்’ என்று அழைக்கப்பட்ட நம் நாட்டுப் பெண்கள், அவர்களுள் கைம்பெண்கள் பலர், சொற்ப ஊதியத்திற்குப் புத்தகப் பையோடு தெருத் தெருவாக நடந்து, எழுத்தறியாப் பெண்களுக்கு எழுத்தையும் வேதத்தையும் சேர்த்துக் கற்பித்தார்கள். திருச்சபை வரலாறுகளில் அவர்தம் பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன.

வீட்டை நாம் இழித்துரைக்கிறோம் என்று எவரும் கருத வேண்டா. ‘நாலு பேர் மதிக்க வீட்டில் இரு’ என்று நம் பாட்டிமார் பேத்தியரிடம் சொன்னதற்குத் தக்க காரணம் உண்டு. அவர்கள் பிறரது வயலிலும், உப்பளத்திலும், தொழிற்சாலை வாயிலிலும், பிறர் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் உழைத்தவர்கள். கூலியோடு இழிசொல்லும், சில இடங்களில் அதனினும் கொடிதும் அவர்களுக்குக் கிடைத்தன. வீட்டிலிருக்கும் உரிமை உயர்குலப் பெண்ணுக்குச் சிறையாக இருந்திருக்கலாம். நம் பாட்டிக்கு அது எட்டாத மாளிகை. மகளேனும் நிழலில் இருக்கட்டும் என்று அவள் விரும்பியதில் பிழை காண்பது அறியாமை. அவள் விரும்பியது இழிவிலிருந்து விடுதலை. அன்று அதற்கு அவள் கண்ட வழி வீடு ஒன்றே. இன்று படிப்பு என்னும் வேறு வழியும் திறந்திருக்கிறது. அந்த வழியை அடைப்பதற்குப் பாட்டியின் சொல்லையே தாழ்ப்பாளாக்குவதுதான் பொருந்தாது.

அன்னையர் தினத்தன்று நம் ஆலயங்களில் நீதிமொழிகளின் 31ஆம் அதிகாரம் தவறாமல் வாசிக்கப்படுகிறது. குணசாலியான பெண்ணைப்பற்றிய பகுதி அது. கேட்போர் மனத்தில் அமைதியே உருவான ஓர் இல்லத்தரசி தோன்றுகிறாள். வாசகத்தை ஊன்றிப் படித்தால் வேறொருத்தி எதிர்ப்படுகிறாள். அவள் வணிகரின் கப்பலுக்கு ஒப்பிடப்படுகிறாள். துறைமுகத்தின் அருகே வாழும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. நிலத்தைப் பார்வையிட்டு விலைக்கு வாங்குகிறாள், தன் உழைப்பின் வருவாயில் திராட்சைத் தோட்டம் நாட்டுகிறாள், நெய்து விற்கிறாள், ஞானம் விளங்க வாய் திறந்து பேசுகிறாள். இருள் அகலுமுன் எழுகிறாள்.

இருள் அகலுமுன் எழும் பெண்களை நாமும் அறிவோம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கிப் பதின்மூன்று நாள்கள் ரிப்பன் மாளிகையின் முன் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் நம் இராயபுரம் மண்டலத்தையும் திரு.வி.க. நகர் மண்டலத்தையும் சேர்ந்தவர்கள். அவர்களுட் பெண்களே மிகுதி. குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதையும், அதனால் ஊதியமும் வேலைப் பாதுகாப்பும் குறைவதையும் எதிர்த்து அவர்கள் அமர்ந்தனர். நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். ‘பெண்ணுக்கு இடம் வீடு’ என்று சொல்வோர் அப்பெண்கள் வைகறையில் தெருவைப் பெருக்கியபோது அதைச் சொன்னதில்லை. அவர்கள் தெருவில் அமர்ந்து உரிமை கேட்டபோதுதான் சொல்கின்றனர்.

எண்ணூரை நோக்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினர். கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் இரவு. உறங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடிய தாய்க்கு வீடு என்னும் இடம் அன்று எங்கே இருந்தது? வீட்டைக் காப்பதற்கே வீட்டைவிட்டு வெளியே வந்து, ஆட்சியாளரிடம் பேசவும் மனு எழுதவும் காற்றின் நச்சளவைப் படித்தறியவும் வேண்டிய நிலையில் நம் பெண்கள் இருக்கின்றனர். அதற்குப் படிப்பு வேண்டும்.

இளைஞர்கள் கேட்கக்கூடும்: பவுல் அப்போஸ்தலர் பெண்கள் சபையில் பேசலாகாது என்று எழுதவில்லையா? எழுதியிருக்கிறார், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் சபையில் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். வாயே திறக்கலாகாதெனில் முக்காட்டிற்கு விதி எதற்கு? ஆகவே அந்த மௌனம் அச்சபையில் அன்றிருந்த ஏதோவொரு குழப்பத்திற்குக் கொடுத்த மருந்தேயன்றி, எக்காலத்துக்கும் எல்லாப் பெண்களுக்கும் இட்ட பூட்டன்று எனக் கொள்வதே பொருத்தம்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தைப் பலரும் வெறும் வாழ்த்துப் பட்டியல் என்று தாண்டிச் செல்கின்றனர். நம் பகுதி மக்கள் அதைத் தாண்டலாகாது. அதில் முதலில் வருபவள் பெபேயாள், கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி. கெங்கிரேயா என்பது கொரிந்துவின் துறைமுகம். கப்பலும் சுமைகூலிகளும் அடிமைகளும் பல மொழி பேசுவோரும் நிறைந்த இடம்; நம் இராயபுரத்தையும் காசிமேட்டையும் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். அத்துறைமுகச் சபையின் பொறுப்பில் ஒரு பெண் இருந்தாள். பவுலின் நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுசென்றவளும் அவளே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவளுக்குப் பவுல் வழங்கிய கிரேக்கப் பட்டம் தமக்கும் அப்பொல்லோவுக்கும் அவர் வழங்கிய அதே பட்டம். பழைய ஆங்கில வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் ஆண்களுக்கு அதை உயர்ந்த சொல்லாலும் பெபேயாளுக்கு வேலையாள் என்னும் பொருள்படும் சொல்லாலும் பெயர்த்தனர். நம் தமிழ் வேதாகமமோ இருபாலார்க்கும் ‘ஊழியக்காரர்’, ‘ஊழியக்காரி’ என்று ஒரே சொல்லை வைத்தது. இதில் தமிழுக்கு நாம் பெருமை கொள்ளலாம். அப்பட்டியலிலேயே கூடாரத் தொழிலாளியான பிரிஸ்கில்லாளின் பெயர் அவள் கணவன் பெயருக்கு முன் வருகிறது. யூனியா என்னும் பெண் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவளாகப் பேசப்படுகிறாள்.

இன்னொன்று. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படிவதைப்பற்றிய வசனத்தைத் திருமணந்தோறும் கேட்கிறோம். அதற்கு முந்திய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. அதிலிருந்து வாசிப்பவர் குறைவு. அடுத்த அதிகாரத்திலோ அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படியுமாறு சொல்லப்படுகிறது. அவ்வசனத்தை நம் முன்னோரிடம் வாசித்துக் காட்டியிருந்தால் பண்ணையார்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்! இந்நாட்டில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது. படியாளும் பண்ணையாளும் அதன்பின்னும் நெடுங்காலம் இருந்தனர் என்பது வேறு கதை. இன்று எந்தப் போதகரும் அடிமை வசனத்தைக் கடவுள் வகுத்த நித்திய ஒழுங்கு என்று பிரசங்கிப்பதில்லை. அக்காலத்துச் சூழ்நிலைக்குரியது என்கிறார். மிகவும் சரி. அதே நிருபத்தில், அதே பகுதியில், சில வரிகளுக்கு முன்னுள்ள வசனத்திற்கும் அந்த அளவுகோலை வைத்தல் வேண்டும்.

இயேசுபெருமானிடமே செல்வோம். சீகார் ஊர்க் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியை அறியாதார் இல்லை. யூதர் சமாரியரின் பாத்திரத்தில் புழங்குவதில்லை. கிணறு, குடம், தீட்டு, உச்சிவேளையில் தனியே வரும் பெண் — இக்காட்சியைப் புரிந்துகொள்ள நமக்கு விரிவுரையாளர் எதற்கு? அவர் அவளிடம் நீர் கேட்டது மட்டுமன்று. கடவுளை எங்கே, எவ்வாறு தொழுவது என்னும் சமயத்தின் ஆழ்ந்த வினாவை அவளோடு விவாதித்தார். நற்செய்தி நூல்களில் அவர் ஒரு தனி மனிதரோடு நிகழ்த்திய மிக நீண்ட உரையாடல்களுள் அது ஒன்று. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் சென்று பேசினாள். ஊர் திரண்டு வந்தது. தீட்டையும் பெண்ணடிமையையும் ஒரே குடத்து நீரில் அவர் கரைத்தார். ஆனால் தமிழ்நாட்டுத் திருச்சபை அந்தக் குடத்தருகிலேயே நெடுநாள் தயங்கி நின்றது. 1833ஆம் ஆண்டில் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் இங்கு வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டே விலகினர்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலிற் கண்டு, சீடர்க்கு அறிவிக்க அனுப்பப்பட்டவள் மகதலேனா மரியாள். 2016ஆம் ஆண்டில் போப் பிரான்சிஸ் அவள் நினைவுநாளை அப்போஸ்தலர்க்குரிய திருவிழாவின் தரத்திற்கு உயர்த்தினார். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயராக அருட்பொழிவு பெறுகின்றனர். 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் நந்தியால் பேராயத்தின் பேராயராகப் புஷ்பலலிதா அம்மையார் பொறுப்பேற்றார். அத்திருச்சபையில் அப்பதவிக்கு வந்த முதற்பெண் அவரே. வாசல் திறந்தது உண்மை. நுழைந்தோர் தொகை இன்னும் சிறிது.

சட்டமும் சபையைப் போலவே மெல்ல நடந்தது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் பிறழ்வு ஒன்றைக் காட்டினால் போதும். மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இது 2001இல்தான் திருத்தப்பட்டது. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதைத் தந்தது. கேரளத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அந்நிலையை மாற்றியது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் தந்தையின் பங்கைக் கேட்டு மோசேயின் முன் நின்றதும், அவர்கள் கேட்டது நியாயம் என்று கடவுளே தீர்ப்பளித்ததும் எண்ணாகமத்தில் உள்ளன. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமமே. சீர்வரிசை கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டோம் என்று சொல்லும் தந்தையர் இதைக் குறித்துக்கொள்க.

நம்மவரின் குரலும் எழுந்துள்ளது. சென்னையிற் பிறந்த ரூத் மனோரமா, தலித் பெண் சாதியாலும் வறுமையாலும் பெண் என்பதாலும் மும்மடங்கு ஒடுக்கப்படுகிறாள் என்பதை நாடறியச் சொன்னார்; 1995இல் தலித் பெண்கள் தேசியக் கூட்டமைப்பை நிறுவினார்; 2006இல் உலகறிந்த ரைட் லைவ்லிஹூட் விருதைப் பெற்றார். துறவற மடத்திலிருந்து வெளிவந்த பாமா 1992இல் ‘கருக்கு’ நூலை வெளியிட்டுத் திருச்சபைக்குள் சாதி எவ்வாறு வாழ்கிறது என்பதைக் காட்டினார். 1938ஆம் ஆண்டு சென்னைப் பெண்கள் மாநாட்டின் முன்வரிசையில் நின்ற அன்னை மீனாம்பாள் சிவராஜ் கிறிஸ்தவரல்லர். ஆயினும் நம் பெண்மக்களுக்கு அவரும் மூத்தவரே.

மார்த்தாள், மரியாள் கதையை ஒட்டி நம் இளைஞர்க்கு ஒரு சொல். அடுக்களையில் தனித்து உழன்ற மார்த்தாள் முறையிட்டபோது, போதனை கேட்க அமர்ந்திருந்த மரியாளை எழுப்பி அனுப்ப ஆண்டவர் மறுத்தார். அவள் தெரிந்துகொண்ட பங்கு அவளைவிட்டு எடுக்கப்படாது என்றார். சரி, மார்த்தாளின் வேலையை யார் செய்வது? லாசரு என்றொரு சகோதரன் அவ்வீட்டில் இருந்தான் என்று யோவான் எழுதுகிறார். தங்கை தேர்வுக்குப் படிக்கும் மாதத்தில் நம் வீட்டு லாசருக்கள் குடிநீர் லாரி வரும் வேளையில் குடத்தோடு வரிசையில் நிற்கட்டும்.

கழகத்தின் செயற்குழுவிற் சரிபாதி இடம் பெண்களுக்கு என்றும், கல்வி உதவித்தொகையில் கல்லூரி முதலாண்டு மாணவியர்க்கு முன்னுரிமை என்றும், மாலைநேர வகுப்பு முடிந்தபின் மாணவியரை வீடுவரை கொண்டுசேர்க்க ஏற்பாடு வேண்டும் என்றும் ஒரு தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறோம். அதன் வாசகம் செயலாளரிடம் உள்ளது. வழிமொழிய விரும்பும் உறுப்பினர்கள் தேநீர் இடைவேளையில் கையொப்பமிடலாம். தாய்மார்களின் பெயர்கள் முதலில் இடம்பெறுமாறு மேற்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.